செந்தூலில் ஒரு குறுக்குப் பாதை: கூட்டத்துக்கு வராதவர்களிடம் திட்டம் பேசிய அனுபவம்

கோலாலம்பூரில் எங்கள் செந்தூல் வட்டாரத்தில் பொது ஆலோசனைக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினால், யார் யார் வருவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், சூராவ் (முஸ்லிம்களின் சிறு தொழுகை இல்லம்) செயற்குழுவிலிருந்து இரண்டு பேர், கோவில் பொருளாளர், கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் சீனர், குடியிருப்பாளர் சங்கத் தலைவர், அவர் கையோடு கூட்டி வரும் நாலைந்து பேர். கேள்வி கேட்கிறவர்களும் அவர்கள்தான், பதில் பிடிக்காமல் எழுந்து போகிறவரும் அவர்களில் ஒருவர்தான். கறிபாப் பலகாரம் எப்போதும் மீந்துவிடும்.

வராதவர்களின் பட்டியல் இன்னும் நீளம். கடைவீட்டு மாடியில் அறைக்கு எட்டுப் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் வங்காளதேசத் துப்புரவுத் தொழிலாளர்கள், கொண்டோமினிய வாசலில் நாளெல்லாம் நிற்கும் நேப்பாளக் காவலாளிகள், மேடானிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்து வீட்டுவேலை செய்யும் பெண்கள், ரோஹிங்கியா குடும்பங்கள், அப்புறம் புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து முடிதிருத்தும் கடைக்கும் உணவகத்துக்கும் வந்திருக்கும் நம் தமிழ்த் தம்பிகள். விடியுமுன் இந்தத் தெருவில் முதலில் நடப்பவர்களும், இரவில் கடைசியாக நடப்பவர்களும் இவர்களே. எங்கே தண்ணீர் தேங்கும், எந்த விளக்கு எரியாது, எந்த மூலையில் வழிப்பறி நடக்கும் என்பது இவர்களுக்குத் தெரிந்த அளவு எங்கள் சங்கத் தலைவருக்குத் தெரியாது.

2023 பிப்ரவரியில், எந்த நிலத்தில் எது வரலாம் என்று சொல்லும் கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040-இன் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. நான் கட்டட அலுவலகம் ஒன்றில் பிளான் வரைகிறவன். அதனால் "தம்பி, நம்ம இடத்துக்கு என்ன போட்டிருக்கான்னு பாரு" என்று சங்கத்தில் என்னிடம் தள்ளிவிட்டார்கள். பார்த்தேன். எங்கள் பிளாட்டுக்குப் பின்னால், இரயில் தண்டவாளத்துக்கும் பெரிய சாக்கடைக்கும் நடுவே ஒரு நீளத் துண்டு நிலம் இருக்கிறது. நிலத்தின் பயன்பாட்டை நிறத்தால் காட்டும் வரைபடத்தில் அது ஒரே நிறம். நேரில் போனால் அங்கே மரவள்ளியும் வாழையும் இருக்கும், யாரோ நட்ட பச்சை மிளகாயும் பசலையும் இருக்கும், அரசமரத்தடியில் ஒரு சூலமும் மஞ்சள் துணியும் இருக்கும், எல்லாவற்றுக்கும் நடுவே எல்ஆர்டி (இலகு இரயில்) நிலையத்துக்குப் போகும் ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கும். அதே சமயத்தில் அந்தத் துண்டுக்கு வேலி போட்டு வாகன நிறுத்துமிடமாக்கும் யோசனை ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆலோசனை நிறுவனம் அதற்காகக் கூட்டம் போட்டது. மேலே சொன்ன அதே ஆட்கள் வந்தார்கள். கார் நிறுத்த இடம் பத்தவில்லை என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. பாதையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் வந்தவர்கள் எல்லோரிடமும் கார் இருந்தது.

சட்டத்தின் கண்ணுக்கு யார் தெரிகிறார்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மலேசியாவின் 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில், உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் திட்டமிடல் அனுமதி கேட்டால், பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்று இருக்கிறது. கோலாலம்பூருக்கு 1982-இல் தனிச் சட்டம் வந்தது. இங்கும் அக்கம்பக்கம் என்றால் நிலப்பட்டா வைத்திருப்பவர் என்றே கணக்கு. வாடகைக்கு இருப்பவன் குடிமகனாகவே இருந்தாலும் இந்தக் கணக்கில் இல்லை. பெர்மிட்டில் வந்தவனும் அகதி அட்டை வைத்திருப்பவனும் எந்த மூலைக்கு? உள்ளூர்த் திட்டத்தின் வரைவுக்குக் கருத்துச் சொல்லும் வாசல் இதைவிட அகலம்தான், ஆனால் அதற்கு மலாயில் பாரம் (படிவம்) நிரப்பத் தெரிய வேண்டும், பகலில் விடுப்பு எடுக்க முடிய வேண்டும்.

இன்னொன்று. இந்த நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. பிறகு திரும்பி வரவே இல்லை. கோலாலம்பூரில் மாநகர மன்ற உறுப்பினர் என்று ஒருவரும் கிடையாது. டத்தோ பண்டார் எனும் மேயர் நியமனப் பதவி, நாம் ஓட்டுப் போடுவது நாடாளுமன்ற உறுப்பினருக்கு மட்டும். ஆகவே மாநகர நிர்வாகத்தைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் எனக்கும் போன மாதம் டாக்காவிலிருந்து இறங்கியவனுக்கும் ஒரே உரிமைதான்: பூஜ்யம். எங்கள் சங்கத்தில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள், ஆனால் யாரும் மறுக்கவில்லை.

சரி, வராதவர்களிடம் நாமே போவோம் என்று மூன்று பேர் கிளம்பினோம். நான், எங்கள் மாடியில் இருக்கும் ஒரு தாதி அக்கா, பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மலாய்ப் பெண்.

முதலில் போனது முடிதிருத்தும் கடைக்கு. ஞாயிறு தவிர எல்லா நாளும் இரவு ஒன்பதரைக்குக் கூட்டம் குறையும். வட்டாரத்தின் பிளானை ஏ1 தாளில் அச்சடித்து, கண்ணாடிக்கு எதிரே இருந்த பெஞ்சில் விரித்தேன். "2040-ல இந்த இடம் எப்படி இருக்கணும்னு நெனைக்கிறீங்க?" என்று அந்த ஆலோசனை நிறுவனத்தின் கேள்வித்தாளில் இருந்த கேள்வியையே கேட்டேன். திருச்சிப் பக்கத்துத் தம்பி ஒருவர் சீப்பைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: "அண்ணே, எனக்கு பெர்மிட்டு அடுத்த வருஷம் வரைக்கும்தான். 2040-ல நான் எங்க இருப்பேனோ!" கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கேள்வியை மாற்றினேன். "கடை மூடுனதும் ரூமுக்கு எப்படிப் போவீங்க?" சீப்பு கீழே வந்தது. மூன்று பேர் குனிந்தார்கள். இரயில் தண்டவாளம் எது, மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவகம்) எது என்று கேட்டுக்கொண்டு, விரலாலேயே பாதையை வரைந்தார்கள். இந்த இடத்தில் சாக்கடை மேல் பலகை போட்டிருக்கிறது, மழைக்காலத்தில் பலகை மிதந்துவிடும். இந்த இடத்தில் போன தீபாவளிக்கு ஒருவரின் கைப்பேசியைப் பறித்துக்கொண்டு மோட்டாரில் ஓடிவிட்டார்கள். மாதச் சம்பளத்தை ஊருக்கு அனுப்பும் நாளில் இந்தப் பக்கம் வரவே மாட்டோம், சுற்றிக்கொண்டு போவோம், கால் மணி நேரம் கூட ஆகும். நான் மார்க்கர் பேனாவை எடுத்துக் கோடு போடப் போட, "அங்க இல்லண்ணே, இன்னும் கொஞ்சம் கீழ" என்று திருத்தினார்கள். ஆலோசனை நிறுவனத்தின் தாளில் இல்லாத ஒரு பாதை அரை மணி நேரத்தில் எங்கள் தாளில் வந்துவிட்டது.

இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எதிர்காலத்தைக் கேட்காதீர்கள், நேற்று எப்படி நடந்தீர்கள் என்று கேளுங்கள். ஒருவன் எவ்வளவு காலம் தங்கப் போகிறான் என்பது வேறு விஷயம். அவன் போனால் அதே அறைக்கு, அதே வேலைக்கு, அதே பாதையில் நடக்க இன்னொருவன் வருவான். ஆட்கள் மாறுகிறார்கள், பாதையின் தேவை மாறுவதில்லை. அதிகாரிகளிடம் பேசும்போதும் இந்த வாதம்தான் கொஞ்சம் எடுபட்டது.

பெயர் எழுதும் தாள் கூடவே கூடாது. வழக்கமான கூட்டத்தில் வாசலிலேயே பெயர், அடையாள அட்டை எண், முகவரி, கையெழுத்து என்று நாலு கட்டம் போட்ட தாள் இருக்கும். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) முதலாளியிடம் இருக்கும் ஒரு தொழிலாளி அதைப் பார்த்த மாத்திரத்தில் திரும்பிவிடுவான். அவனிடம் எல்லா ஆவணமும் சரியாக இருந்தாலும் அப்படித்தான். நாங்கள் ஒட்டுப் பொட்டுகள் வாங்கினோம். பயமான இடத்தில் சிவப்பு, தினமும் போகும் இடத்தில் பச்சை. பெயரும் இல்லை, படமும் எடுக்கவில்லை. கைப்பேசியை வெளியே எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு.

உடையையும் கவனிக்க வேண்டும். ருக்குன் தெதாங்கா எனும் அக்கம்பக்கக் காவல் குழு ஆட்கள் உதவிக்கு வருகிறோம் என்று, ஒளிரும் மேற்சட்டை போட்டுக்கொண்டு ஒரு மாலை எங்களோடு வந்தார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள். கடைவீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தச் சட்டையைப் பார்த்ததும் ஒவ்வொருவராக எழுந்து மாடிக்குப் போய்விட்டார்கள். குடிநுழைவுச் சோதனைகளில் ரேலா தொண்டர் படையினர் வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, சட்டையின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க நேரம் ஏது? அன்று ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் வசதி பார்த்தால் கெட்டது. நன்றாக மலாய் பேசும் வங்காளதேசி ஒருவர் தானாகவே முன்வந்தார். கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது, அவர் துப்புரவு ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு "எல்லாம் நல்லா இருக்கு" என்றார்கள். அவருக்கு ஒரு தேத்தாரே (ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக் கொடுத்து அந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டு, மற்றவர்களோடு பாசார் மலாயிலேயே, அதாவது சந்தைப் பேச்சு மலாயிலேயே, தட்டுத் தடுமாறிப் பேசினோம். தட்டுத்தடுமாறிய பேச்சில்தான் உண்மை வந்தது. கூட்டித் துடைக்கிறவர்கள் ஐந்து மணிக்கு வேலையைத் தொடங்க வேண்டும், நாலரைக்கு இந்தப் பாதையில் ஒரு விளக்கும் எரிவதில்லை.

பெண்களிடம் தாதி அக்காதான் பேசினார். மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அதனால் அகதிப் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளியில் சேர முடியாது, அக்கம்பக்கத்துக் கற்றல் மையங்களுக்குத்தான் போகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போக ரோஹிங்கியா தாய்மார்கள் மதியம் அங்கே வந்து நிற்பார்கள். ஆண்கள் இல்லாத அந்த இருபது நிமிடம் போதும். ஆண்கள் வழிப்பறியைச் சொன்னார்கள், பெண்கள் நாய்களையும் கழிப்பறை இல்லாததையும் சொன்னார்கள். இப்படிக் குழு குழுவாகப் பிரித்துக் கேட்பது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. பினாங்கில் 2012 முதல் பாலினப் பார்வையோடு மக்களையும் சேர்த்து வரவு செலவு போடும் ஒரு திட்டத்தை ஜாலான் சுங்கை அடுக்குமாடியில் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். பெண்கள், முதியவர்கள், இளைஞர்கள் என்று தனித்தனியாகப் பேசவிட்டு, பிறகு எது முதலில் வேண்டும் என்று வாக்கெடுத்தார்கள். நகராண்மைக் கழகமே உள்ளே இருந்ததால் அவர்களுக்குப் பணமும் இருந்தது. எங்களிடம் ஒட்டுப் பொட்டுதான் இருந்தது.

இனி, சங்கடமான பகுதி. எங்கள் சங்கத்தில் ஒரு மாமா வெளிப்படையாகவே கேட்டார்: "நமக்கே ஒண்ணும் கிடைக்கல. இவனுங்களுக்காக எதுக்குடா அலையறீங்க?" இதை இனவெறி என்று சொல்லி ஒதுக்கிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. கோலாலம்பூரில் பிபிஆர் எனும் அரசாங்க மலிவு வாடகை வீட்டின் மாத வாடகை 124 வெள்ளி (ரிங்கிட்), குடிமக்களுக்கு மட்டும். அதை எடுத்துவிட்டு, உள்ளே அந்நியத் தொழிலாளர்களை ஆள் கணக்கில் அடைத்துப் பல மடங்கு வாங்கும் உள்வாடகைக்காரர்கள் இருக்கிறார்கள். மாமாவின் மகளோ வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறாள். கோபம் நியாயமானது, அது போக வேண்டிய இடம்தான் வேறு. உள்வாடகைப் பிரச்சினையைத் தனியாகப் பேசுவோம், இது விளக்கும் பாதையும் மட்டும் என்று பிரித்துச் சொன்னேன். அவர் மனம் மாறியது அதனால் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய அம்மா அதே பலகையைத் தாண்டித்தான் அரசமரத்தடிக்கு விளக்குப் போடப் போகிறார் என்பது வரைபடத்தில் தெரிந்தது. சிவப்புப் பொட்டின் மேல் அவரே இன்னொரு சிவப்புப் பொட்டை ஒட்டினார்.

தமிழர்களாகிய நாம் சிறுபான்மை, ஆகவே சிறுபான்மையின் தேவை நமக்குத் தெரியும் என்று நினைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தைப் பாருங்கள். 2010 அக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் சேர்ந்து அதை லிட்டில் இந்தியா என்று திறந்து வைத்தார்கள். வளைவு வந்தது, யானை நீரூற்று வந்தது. இரயில்வே ஊழியர்கள் வாழ்ந்த ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. அலங்காரத்தில் இடம் கிடைப்பதும் திட்டத்தில் இடம் கிடைப்பதும் வேறு வேறு.

கோலாலம்பூரிலேயே இருக்கும் புக்கிட் கியாரா இதைவிடச் சிக்கலானது. முன்னாள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் தமிழர்கள், 1980-களின் தொடக்கத்திலிருந்து தாமான் ரிம்பா கியாரா பூங்காவின் ஓரத்தில் நீள வீடுகளில் இருந்தார்கள். நிரந்தர வீடு வரும் என்பது பேச்சு. பல்லாண்டுகள் கழித்து வந்த திட்டத்தில் ஆடம்பர அடுக்குமாடிகளோடு சேர்த்து அவர்களுக்கும் ஒரு கட்டடம் இருந்தது. பூங்காவைக் காப்பாற்ற, பக்கத்துக் குடியிருப்பான தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2018-இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2021-இல் மேல்முறையீட்டில் வென்றார்கள், 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. பூங்காவைப் பொறுத்தவரை நல்ல தீர்ப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு வீட்டுக்காக நாற்பது வருடம் காத்திருந்த குடும்பமும், பூங்காவுக்காகக் கையெழுத்து வாங்கிய குடும்பமும் ஆரம்பத்திலேயே ஒரே மேசையில் உட்கார்ந்து பிளானைப் பார்க்க வழி செய்திருந்தால், வீடா மரமா என்ற நிலை வந்திருக்காது என்று தோன்றுகிறது. யாருக்காகப் பேசுகிறோமோ அவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் தாளில் கடைசியாக என்ன எழுதப் போகிறோம் என்பதை முடிதிருத்தும் கடையிலும் படிக்கட்டிலும் வாசித்துக் காட்டிய பிறகே அனுப்பினோம். மிளகாய்ச் செடியைப் பற்றி எழுத வேண்டாம் என்றார்கள், எழுதினால் பிடுங்கிவிடுவார்களாம். எடுத்துவிட்டோம்.

இலாகாவுக்கு எழுதும் மொழி தனி. "பாதை இருட்டா இருக்கு, பயமா இருக்கு" என்று எழுதினால் புகாராகப் போய்ச் சேரும், ஆட்சேபமாகப் போகாது. நில லாட் எண், வரைபடத்தின் தாள் எண், இப்போது என்ன நிறம், என்ன மாற்றம் வேண்டும், ஏன் என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். 'எல்ஆர்டி நிலையத்துக்கான பாதசாரி இணைப்பு, குறைந்தபட்ச அகலம், தெருவிளக்கு, சாக்கடை மேல் நிரந்தரப் பாலம்' என்று நான் எழுதினேன். யார் எப்போது நடக்கிறார்கள் என்பதை மணி வாரியாக ஒரு பின்னிணைப்பாகச் சேர்த்தேன். அதில் எந்த நாட்டவர் என்று எழுதவில்லை. பாதசாரி என்றால் பாதசாரிதான். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் குடிமக்கள், நானும் மாமாவும் சேர்த்து. ஒரு பிரதியில் இலாகாவின் 'சாப்' (முத்திரை) குத்தி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாரும் அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று சொல்ல முடியாது. நேரில் பேச வாய்ப்புக் கேட்கும் கட்டம் பாரத்தில் இருந்தால் அதில் மறக்காமல் குறியிடுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கிடைத்ததைச் சொல்கிறேன். வாகன நிறுத்துமிடத்தின் வேலி நேர்க்கோட்டில் வரவில்லை, பாதைக்கு ஒரு திறப்பு விட்டு வந்தது. விளக்குகள் வந்தன. பலகை இருந்த இடத்தில் சிமெண்டுப் பாலம் வந்தது, அதற்குத் தொகுதி ஒதுக்கீட்டிலிருந்து பணம் வந்ததாகச் சொன்னார்கள். நாங்கள் கேட்டபடி பாதையை வரைபடத்தில் போடவில்லை. இது எனக்கு உறுத்தல்தான், ஏனென்றால் தாளில் இல்லாத பாதையை நாளைக்கு யாரும் மூடலாம். பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை கேட்டதற்கு மறுப்பு. கழிப்பறைக்குப் பதிலே இல்லை.

மறுப்பையும் சேர்த்துத் திரும்பப் போய்ச் சொன்னோம். இதில் சோம்பல் பட்டால் அடுத்த முறை கதவு திறக்காது. திருச்சிப் பக்கத்துத் தம்பி ஊருக்குப் போய்விட்டார், அவர் நாற்காலியில் இப்போது வேறொருவர். பாலம் எப்படி வந்தது என்று பழையவர்கள் புதியவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கதையில் என் பங்கு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, திருத்தினேன்.

கூரை விஷயமாக மறுபடியும் ஒரு கலந்துரையாடல் கேட்டு எழுதியிருக்கிறோம். ஞாயிறு மதியம் இரண்டு மணி, கடைவீட்டுக்குக் கீழே என்று குறிப்பிட்டிருந்தோம். வேலை நாள் காலை பத்து மணி, மண்டபத்தில் என்று பதில் வந்தது. ஞாயிறு ஏன் என்று காரணம் சொல்லி, மணி வாரியான அந்தப் பின்னிணைப்பையும் வைத்து, திரும்ப அனுப்பியிருக்கிறோம்.